வெளி வன்தட்டு இயங்காதபோது: பழுதறியும் முறையும் பதிவேடுகளின் பாதுகாப்பும்

நம் நாட்டின் அலுவலகங்களில் பதிவேடுகள் இருக்கும் இடம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் இரும்பு அலமாரிகளிலும் பதிவறைகளிலும் அடுக்கி வைக்கப்பட்டிருந்த பயனாளிகள் பட்டியல், நில அளவை விவரம், ஓய்வூதியக் கணக்கு, கணக்கெடுப்புப் படிவம் ஆகிய அனைத்தும் இன்று கணிப்பொறிகளில் சேமிக்கப்படுகின்றன. அவற்றின் பிரதிகள் பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெளி வன்தட்டில் வைக்கப்படுகின்றன. பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களின் நிலையும் இதுவே. பல ஆண்டுகள் களத்தில் திரட்டிய புள்ளிவிவரங்களும் எழுதி முடித்த ஆய்வேடும் ஒரே தட்டில் அடங்கியிருப்பது வழக்கமாகிவிட்டது.

இத்தகைய தட்டு ஒரு நாள் கணிப்பொறியில் இணைக்கப்பட்டும் திரையில் தோன்றாமற்போவதுண்டு. அல்லது, 'இந்தத் தட்டைப் பயன்படுத்துவதற்கு முன் பார்மட் செய்ய வேண்டும்' என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத் தோன்றுவதுண்டு. இந்நிலையில் பதற்றத்துடன் செய்யப்படும் சில செயல்களே பெரும்பாலான இழப்புகளுக்குக் காரணமாகின்றன. கேபிளை மாற்றினால் தீர்ந்துவிடக் கூடிய ஒரு சிறு குறை, தவறான ஒரு பொத்தானை அழுத்துவதால் மீட்க முடியாத இழப்பாக மாறிவிடுகிறது.

வன்தட்டின் விலை சில ஆயிரம் ரூபாய். அது கெட்டால் வேறொன்றை வாங்கிவிடலாம். அதனுள் இருந்த பதிவேட்டை எந்தக் கடையிலும் வாங்க இயலாது. கணக்கெடுப்பை மீண்டும் நடத்துவதானால் பல மாத உழைப்பும் பொதுப் பணமும் செலவாகும். ஒரு குடும்பத்தின் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டால், அக்குடும்பம் தனக்குரிய உதவியைப் பெறுவது தாமதமாகும். மத்திய அரசு அலுவலகங்களுக்குப் பொருந்தும் 1993ஆம் ஆண்டின் பொதுப் பதிவேடுகள் சட்டம், கணிப்பொறியால் உருவாக்கப்படும் பொருளையும் பதிவேடு என்றே கொள்கிறது. ஆகவே, தட்டைச் சீர்செய்வதைக் காட்டிலும் அதனுள் இருக்கும் தகவலைக் காப்பதே முதல் நோக்கமாக இருத்தல் வேண்டும். இந்நோக்கத்திலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று, பழுதை வெளியிலிருந்து உள்நோக்கித் தேட வேண்டும். மற்றொன்று, தகவலின் பிரதி வேறிடத்தில் கிடைக்கும் வரை பழுதுற்ற தட்டில் புதிதாக எதையும் எழுதலாகாது.

கருவியின் அமைப்பு

வன்தட்டு புதிய கருவியன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் வன்தட்டுச் சாதனத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அனைத்தும் சேர்ந்து சுமார் 50 லட்சம் எழுத்துகளையே கொள்ளும். இன்று சட்டைப் பையில் அடங்கும் தட்டு அதைப் போலப் பல லட்சம் மடங்கு கொள்ளளவு உடையது. எனினும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டு வேகமாகச் சுழல்கிறது. அதன் மேற்பரப்பைத் தொடாமல், மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கும் முனை ஒன்று தகவலை எழுதவும் படிக்கவும் செய்கிறது. இந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்கு அளவினது. ஒரு தூசியோ ஓர் அதிர்ச்சியோ எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை இதனால் உணரலாம்.

கணிப்பொறியையும் வெளிக் கருவிகளையும் இணைக்கும் பொதுவான முறையாக யூ.எஸ்.பி. 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதனை உருவாக்கிய இன்டெல் நிறுவனப் பொறியாளர்களுள், வடோதராவிலுள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்ற அஜய் பட் குறிப்பிடத்தக்கவர். 2000ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. 2.0 முறையும், 2008ஆம் ஆண்டில் யூ.எஸ்.பி. 3.0 முறையும் வந்தன.

வெளி வன்தட்டு என்பது உண்மையில் ஒரே பொருளன்று. மின்சாரம் தரும் கணிப்பொறியின் போர்ட், தகவலையும் மின்சாரத்தையும் கொண்டு செல்லும் கேபிள், உறையினுள் இருக்கும் சிறிய இணைப்புப் பலகை, சுழலும் தட்டு, அத்தட்டின் மீது தகவல்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கும் கோப்பு முறைமை என ஐந்து கண்ணிகள் கொண்ட சங்கிலி அது. எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியில் காணும் விளைவு ஒன்றே: தட்டு திரையில் தோன்றாது. எந்தக் கண்ணி என்று கண்டறிவதுதான் பழுதறிதல். முதல் மூன்று கண்ணிகளில் பழுது இருந்தால் தகவலுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை.

முதற் கட்டம்: மின்சாரமும் கேபிளும்

வெளி வன்தட்டுகள் இரு வகைப்படும். இரண்டரை அங்குலத் தட்டு தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் யூ.எஸ்.பி. போர்ட்டிலிருந்தே பெறுகிறது. மூன்றரை அங்குலத் தட்டுக்குத் தனியாக 12 வோல்ட் அடாப்டர் தேவை.

யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட் அழுத்தத்தில் 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டமே தர வேண்டும் என்பது விதி. 3.0 போர்ட்டுக்கு இது 900 மில்லி ஆம்பியர். நின்றிருக்கும் தட்டு சுழலத் தொடங்கும்போது, சீராகச் சுழலும்போது தேவைப்படுவதைவிட அதிக மின்சாரத்தை இழுக்கும். அந்த நேரத்தில் போர்ட்டிலிருந்து போதிய மின்சாரம் கிடைக்காவிடில், தட்டு சுழல முயன்று நின்று மீண்டும் முயலும். விளக்கு எரிவதால் மின்சாரம் போதுமானது என்று முடிவு செய்துவிட முடியாது. விளக்குக்கு மிகச் சிறிதளவு மின்சாரமே போதும்.

மேசைக் கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் இங்கு ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். பெட்டியின் முன்புறத்திலுள்ள போர்ட்டுகள் உள்ளே ஒரு நீண்ட கம்பியின் வழியாகத் தாய்ப்பலகையுடன் இணைக்கப்பட்டுள்ளன. பின்புறத்திலுள்ள போர்ட்டுகள் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. எனவே தட்டு தோன்றாதபோது முதலிற் செய்ய வேண்டியது, அதனை முன்புறத்திலிருந்து எடுத்துப் பின்புறப் போர்ட்டில் நேரடியாகச் செருகுவதே. பல கருவிகளை ஒரே போர்ட்டில் இணைக்கும் யூ.எஸ்.பி. ஹப் இடையில் இருந்தால் அதனை நீக்கிவிட வேண்டும். தனி அடாப்டர் இல்லாத ஹப், ஒரு போர்ட்டின் மின்சாரத்தையே அனைத்துக் கருவிகளுக்கும் பங்கிடுகிறது.

அடுத்தது கேபிள். இது அடிக்கடி வளைக்கப்படுவது. மேசை இழுப்பறையில் நசுங்குவது. ஐந்து கண்ணிகளுள் விலை குறைந்ததும் எளிதிற் பழுதாவதும் இதுவே. ஐயமின்றி இயங்கும் மற்றொரு கேபிளைக் கொண்டு சோதிப்பதே சரியான முறை. கைப்பேசியுடன் வரும் கேபிள்களில் சில மின்சாரத்தை மட்டுமே கடத்தும். அவற்றில் தகவலுக்கான கம்பிகள் இல்லை. அவற்றைக் கொண்டு சோதித்துவிட்டுத் தட்டு கெட்டது என்று முடிவுகட்டுவது தவறு. தட்டின் பக்கமுள்ள செருகுவாய் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

தனி அடாப்டர் உள்ள தட்டானால், அதே வோல்ட் அளவும் அதே முனை அமைப்பும், குறையாத ஆம்பியர் அளவும் உள்ள வேறு அடாப்டரால் சோதிக்கலாம். முனை பொருந்துகிறது என்பதற்காக 19 வோல்ட் மடிக்கணிப்பொறி அடாப்டரைச் செருகினால் தட்டின் மின்சுற்று எரிந்துவிடும். இணைக்கும் முன் இரண்டு அடாப்டர்களின் மீதும் அச்சிட்டுள்ள அளவுகளை ஒப்பிட்டுப் பார்த்தல் கட்டாயம்.

இம்மாற்றங்களால் பயன் விளையாவிடில், தட்டை வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கு இயங்கினால் குறை முதற் கணிப்பொறியினுடையது. அங்கும் இயங்காவிடில் குறை தட்டின் பக்கம் உள்ளது. தேடவேண்டிய எல்லையைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இது.

இரண்டாம் கட்டம்: கணிப்பொறி தட்டைக் காண்கிறதா?

கோப்புகளைக் காட்டும் சாளரத்தில் தட்டு தோன்றவில்லை என்பதும், கணிப்பொறி அதனை அறியவேயில்லை என்பதும் ஒன்றல்ல. விண்டோஸ் இயங்குதளத்தில் 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பகுதி இணைந்துள்ள கருவிகளைக் காட்டும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்னும் பகுதி தட்டுகளையும் அவற்றின் பிரிவுகளையும் காட்டும். இவ்விரண்டையும் திறந்து பார்ப்பதால் தகவலுக்குத் தீங்கு இல்லை.

தட்டு டிஸ்க் மேனேஜ்மென்டில் முழு அளவுடன் காணப்பட்டு, அதன் பிரிவுக்கு எழுத்து மட்டும் இல்லாதிருந்தால், குறை மிக எளியது. ஒவ்வொரு தட்டுப் பிரிவுக்கும் விண்டோஸ் ஓர் ஆங்கில எழுத்தை வழங்குகிறது. அலுவலகக் கணிப்பொறிகளில் வலைப்பின்னல் வழியாகப் பகிரப்படும் தட்டுகளுக்கும் இத்தகைய எழுத்துகள் உண்டு. வெளித்தட்டுக்குரிய எழுத்தை அவற்றுள் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தால் வெளித்தட்டு மறைந்து நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் வேறொரு எழுத்தை ஒதுக்கினால் தட்டு உடனே தோன்றும். இச்செயல் கோப்புகளை மாற்றுவதில்லை.

டிவைஸ் மேனேஜரில் தட்டின் அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருந்தால், கருவியை இயக்கும் மென்பொருளில் குறையுள்ளது எனலாம். அங்கேயே அக்கருவியின் பதிவை நீக்கிவிட்டு, தட்டைக் கழற்றி, கணிப்பொறியை மறுபடியும் இயக்கித் தட்டை இணைத்தால், இயங்குதளம் அதனைப் புதிதாக அறிந்துகொள்ளும். நீக்கப்படுவது கணிப்பொறியிலுள்ள குறிப்பு மட்டுமே, தட்டிலுள்ள தகவலன்று.

அரசு அலுவலகங்களில் மற்றொரு காரணமும் உண்டு. வெளித்தட்டுகள் வழியாகக் கேடு விளைவிக்கும் மென்பொருள்கள் பரவக்கூடும். 2010ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் கேட்டு மென்பொருள், இணையத்துடன் தொடர்பில்லாத கணிப்பொறிகளையும் யூ.எஸ்.பி. கருவிகள் மூலம் சென்றடைந்தது. இத்தகைய அபாயம் கருதி, பல அலுவலகங்களில் வெளித்தட்டுகள் இயங்காதவாறு கணிப்பொறி நிர்வாகியால் தடை செய்யப்பட்டிருக்கும். அவ்வாறாயின் அது பழுதன்று, பாதுகாப்பு. தடையை மீற முயலாமல் நிர்வாகியின் அனுமதியைப் பெறுவதே முறை.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கும்போது, தட்டை 'இனிஷியலைஸ்' செய்யலாமா என்னும் வினா சில வேளைகளில் எழும். தகவல் உள்ள தட்டாயின் இதற்கு இசைவு தரலாகாது. அச்செயல் தட்டின் தொடக்கத்திலுள்ள பிரிவு அட்டவணையின் மீது புதிய அட்டவணையை எழுதிவிடும்.

மூன்றாம் கட்டம்: கோப்பு முறைமை

தட்டும் அதன் பிரிவும் தெரிகின்றன; ஆனால் திறக்க முயன்றால் பார்மட் செய்யுமாறு அறிவிப்பு வருகிறது. இதன் பொருள் தட்டு வெறுமையாக உள்ளது என்பதன்று. அதிலுள்ள கோப்பு முறைமையைக் கணிப்பொறியால் படிக்க இயலவில்லை என்பதே. நூலகத்தின் புத்தக வரிசைப் பட்டியல் சிதைந்தாலும் புத்தகங்கள் அலமாரியில் இருப்பது போன்றது இந்நிலை. பார்மட் செய்வது, பழைய பட்டியலுக்குப் பதிலாக வெற்றுப் பட்டியல் ஒன்றை வைப்பது. சில வகைப் பார்மட்டில் புத்தகங்களும் அழிக்கப்படும். எனவே இவ்வறிவிப்புக்கு எப்போதும் மறுப்பையே விடையாகத் தர வேண்டும்.

அறிவிப்புக்குக் காரணங்கள் பல. முதலாவது, தட்டு வேறு இயங்குதளத்தில் பயன்படுத்தப்பட்டிருக்கலாம். ஆப்பிள் கணிப்பொறிகளின் ஏ.பி.எஃப்.எஸ். முறைமையையும், லினக்ஸ் கணிப்பொறிகளின் எக்ஸ்ட் 4 முறைமையையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. தட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டறிந்து, உரிய இயங்குதளமுள்ள கணிப்பொறியில் இணைத்தால் கோப்புகள் அனைத்தும் தோன்றும்.

இரண்டாவது, தட்டு பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸின் 'பிட்லாக்கர்' முறையால் மறையாக்கம் செய்யப்பட்ட தட்டைத் திறக்கக் கடவுச்சொல்லோ 48 இலக்க மீட்பு எண்ணோ தேவை. இரண்டும் தொலைந்தால் தகவலும் தொலைந்ததாகவே கொள்ள வேண்டும். மீட்பு எண்ணைத் தட்டினுள்ளேயே சேமித்து வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டோ கேபிள் பிடுங்கப்பட்டோ கோப்பு அட்டவணை பாதியில் நின்றிருக்கலாம். நம் ஊர்களில் இதுவே அடிக்கடி நேரும் காரணம்.

தட்டு திறக்கிறது, ஆனால் கோப்புகள் காணப்படவில்லை என்னும் நிலையும் உண்டு. நிரம்பியுள்ள இடத்தின் அளவு குறையாமல் இருந்து, கோப்புறைகளுக்குப் பதிலாகக் குறுக்கு வழிச் சின்னங்கள் மட்டும் தெரிந்தால், கேட்டு மென்பொருள் உண்மையான கோப்புறைகளை மறைத்து வைத்திருக்கிறது என்று கொள்ளலாம். அச்சின்னங்களை அழுத்தினால் கேடு கணிப்பொறிக்கும் பரவும். மறைந்த கோப்புகளைக் காட்டுமாறு அமைப்பை மாற்றி, பாதுகாப்பு மென்பொருள் உள்ள கணிப்பொறியில் அவற்றைப் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும்.

பழுதெனத் தோன்றும் இயல்புகள்

பழுதல்லாத சிலவும் பழுதாகக் கருதப்படுகின்றன. ஒரு டெராபைட் என்று விற்கப்பட்ட தட்டு, கணிப்பொறியில் 931 ஜிகாபைட் என்று தோன்றும். தயாரிப்பாளர் ஒரு லட்சம் கோடி பைட்டுகளை ஒரு டெராபைட் என்கிறார். விண்டோஸ் 1,024இன் மடங்குகளாகக் கணக்கிடுகிறது. இடம் எதுவும் குறைந்துவிடவில்லை.

பெரிய கோப்பு ஒன்றைத் தட்டுக்கு மாற்றும்போது, இடமிருந்தும் இடமில்லை என்பது போன்ற அறிவிப்பு வரலாம். ஃபேட் 32 என்னும் முறைமையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட் அளவை எட்ட இயலாது என்பதே காரணம். எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைமைகளில் இவ்வரம்பு இல்லை. முறைமையை மாற்றுவதற்கு முன் தகவல்களை வேறிடத்தில் சேமித்தல் அவசியம்.

பிரதியெடுத்தல் மிக மெதுவாக நடந்தால் போர்ட்டைக் கவனிக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் நொடிக்கு 35 மெகாபைட் வேகம் கிடைத்தால், ஒரு டெராபைட்டைப் பிரதியெடுக்க ஏறத்தாழ 8 மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 மெகாபைட் தரும் வன்தட்டை 3.0 போர்ட்டில் இணைத்தால் அதே பணி 3 மணி நேரத்திற்குள் முடியும். 3.0 போர்ட்டுகள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்.

தட்டு இணைந்திருக்கும்போது கணிப்பொறி தொடக்கத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. இயங்குதளத்தை வெளித்தட்டில் தேடுமாறு கணிப்பொறி அமைக்கப்பட்டிருப்பதன் விளைவு அது. தொடக்க வரிசையில் உள்தட்டை முதலில் வைத்தால் இக்குறை நீங்கும்.

நான்காம் கட்டம்: தட்டின் உடல்நிலை

மேற்கண்ட சோதனைகளால் தீராத குறை, தட்டினுடையதாகவே இருக்கக்கூடும். இங்குச் செவியே முதற் கருவி. சீரான மெல்லிய சுழற்சி ஒலி இயல்பானது. 'டிக், டிக்' என்று ஒரே கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஒலித்தால், படிக்கும் முனை தன் இடத்தைக் காண இயலாமல் தவிக்கிறது எனலாம். உராய்வு ஒலி அதனினும் அபாயமானது. முனை தட்டின் பரப்பைத் தொடுகிறது என்பதன் அறிகுறி அது. மின்சாரம் போதாமையாலும் டிக் ஒலி எழக்கூடும் என்பதால் முதற் கட்டச் சோதனை ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். வேறு கேபிளிலும் பின்புறப் போர்ட்டிலும் ஒலி நீடித்தால், தட்டை உடனே நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பரப்பு மேலும் கீறப்படலாம்.

ஒலி எதுவும் இன்றித் தட்டு தெரிகிறது, ஆனால் சில கோப்புகள் திறக்க மறுக்கின்றன, பிரதியெடுத்தல் இடையில் நின்றுவிடுகிறது என்றால், பரப்பில் சில பகுதிகள் கெடத் தொடங்கியுள்ளன. தட்டு தன் நிலையைத் தானே பதிந்துகொள்ளும் 'ஸ்மார்ட்' என்னும் ஏற்பாட்டைக் கொண்டது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள்கள் இப்பதிவைக் காட்டும். படிக்க இயலாமல் நிலுவையிலுள்ள பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடிவந்தால், தட்டு நெடுநாள் உழைக்காது. சில உறைகளின் இணைப்புப் பலகை இப்பதிவைக் கணிப்பொறிக்குத் தெரிவிப்பதில்லை. ஆகவே பதிவு கிடைக்காமை நலத்தின் சான்றாகாது.

இந்நிலையில் செயல்களின் வரிசையே தகவலின் விதியைத் தீர்மானிக்கிறது. மிக முக்கியமான கோப்புகளை முதலிலும் ஏனையவற்றைப் பின்னரும் வேறு தட்டுக்குப் பிரதியெடுக்க வேண்டும். திறமையுடையோர், லினக்ஸில் இயங்கும் 'டிடிரெஸ்க்யூ' என்னும் இலவச மென்பொருளால் தட்டு முழுவதையும் அப்படியே மற்றொரு தட்டுக்கு மாற்றலாம். அது எளிதில் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைப் பின்னர் முயலும். மீட்பு முயற்சிகள் அனைத்தையும் அந்தப் பிரதியின் மீதே செய்ய வேண்டும்.

விண்டோஸின் 'செக்டிஸ்க்' ஆணையைப் பலர் முதல் மருந்தாகக் கொள்கின்றனர். திருத்தும் ஆணை சேர்க்கப்படாதபோது அது குறைகளைப் படித்துச் சொல்வதோடு நிற்கும். திருத்துமாறு ஆணையிட்டால் அட்டவணைகளை மாற்றி எழுதும். நலமான தட்டில் அட்டவணை மட்டும் சிதைந்திருந்தால் இது நன்மை தரும். உடல்நிலை கெட்ட தட்டில் இருக்கும் தகவலையும் குலைத்துவிடக்கூடும். எனவே பிரதி எடுத்த பின்னரே இவ்வாணையைப் பயன்படுத்துதல் வேண்டும். மீட்பு மென்பொருளால் கிடைக்கும் கோப்புகளை அதே தட்டில் சேமிக்கலாகாது. அவை இன்னும் மீட்கப்படாத கோப்புகளின் மீதே எழுதப்பட்டுவிடும்.

தட்டின் உலோக மூடியைத் திறந்து பார்த்தல், குளிர்ப்பெட்டியில் வைத்தல், தட்டிப் பார்த்தல் ஆகியவை முற்றிலும் விலக்கத்தக்கவை. தூசி நீக்கப்பட்ட தனி அறைகளில் மட்டுமே வன்தட்டைத் திறக்க இயலும். பிளாஸ்டிக் உறையை நீக்கித் தட்டை மேசைக் கணிப்பொறியினுள் நேரடியாக இணைப்பது, இணைப்புப் பலகை மட்டும் பழுதானபோது பயன் தரும். எனினும் சில தயாரிப்புகளில் அப்பலகையே தகவலை மறையாக்கம் செய்கிறது. வேறு சிலவற்றில் யூ.எஸ்.பி. முனை பலகையிலேயே அமைந்துள்ளது. ஆகையால் இதனை அனுபவமுடையோரே செய்தல் நலம்.

அண்மைக் காலத்தில் சுழலும் பாகங்கள் அற்ற எஸ்.எஸ்.டி. வகை வெளித்தட்டுகளும் பரவியுள்ளன. இவை அதிர்ச்சியை நன்கு தாங்கும். ஆயினும் கெடும்போது ஒலி வாயிலாக முன்னறிவிப்புத் தருவதில்லை. அழித்த கோப்பை மீட்பதும் இவற்றில் பெரும்பாலும் கடினம்.

பிறரிடம் ஒப்படைக்கும்போது

தகவல் மதிப்பு மிக்கதாயின், மீட்புப் பணிக்கெனத் தனிக் கூடம் உடைய நிறுவனத்தை நாடுவது நன்று. அரசுப் பதிவேடுகள் உள்ள தட்டை அலுவலர் தம் விருப்பப்படி கடையில் கொடுத்துவிட இயலாது. மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி, தட்டின் வரிசை எண், ஒப்படைத்த நாள், பெற்றவர் கையொப்பம் ஆகியவை பதிவு செய்யப்பட வேண்டும். தட்டினுள் குடிமக்களின் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு முதலியன இருக்கும். தனிநபர் பற்றிய மின்னணுத் தகவலைக் காக்கும் பொறுப்பை வரையறுத்து 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியுள்ளது. கெட்டுப்போன தட்டைப் பழைய பொருள்களுடன் ஏலத்தில் விடுவதும் இதே காரணத்தால் தவறு. இயங்காத தட்டிலும் தகவல் இருக்கிறது.

வருமுன் காத்தல்

பழுதறியும் கலை எவ்வளவு வளர்ந்தாலும், எல்லாத் தட்டுகளும் ஒரு நாள் கெடும். ஆதலால் எந்தத் தகவலுக்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரு வேறு வகைச் சாதனங்களில் அமைய வேண்டும். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. கணிப்பொறியிலிருந்து வெளித்தட்டுக்கு மாற்றிவிட்டு, மூலத்தை அழித்துவிட்டால் வெளித்தட்டிலிருப்பது பிரதியன்று. அதுவே ஒரே மூலமாகிவிடுகிறது. பல இழப்புகளின் வேர் இந்தத் தவறான கருத்தில் உள்ளது.

நாள்தோறும் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் சில. விண்டோஸ் 10இன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், தட்டை விரைந்து நீக்கத்தக்க அமைப்பே இயல்பாக உள்ளது. எனினும் எழுதும் பணி நடந்துகொண்டிருக்கையில் நீக்கினால் கோப்பு சிதையும். பாதுகாப்பாக நீக்கும் ஆணையைத் தந்த பின்னரே கேபிளைக் கழற்றுவது எக்காலத்தும் நலம். சுழலும் தட்டை நகர்த்தலாகாது. மின்தடை மிகுந்த இடங்களில் கணிப்பொறி யு.பி.எஸ். வழியாக இயங்க வேண்டும். மாதம் ஒரு முறையேனும் பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத பிரதியை நம்ப இயலாது.

அலுவலகந்தோறும் வெளித்தட்டுகளுக்கென ஒரு பதிவேடு வைத்து, வாங்கிய நாள், பொறுப்பாளர், உள்ளடக்கம், கடைசியாகப் பிரதியெடுத்த நாள் ஆகியவற்றைக் குறித்து வருவது செலவில்லாத ஏற்பாடு. தட்டு தோன்றாதபோது பின்பற்ற வேண்டிய வரிசையையும் அதன் முதற் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்: பின்புறப் போர்ட், மாற்றுக் கேபிள், மாற்றுக் கணிப்பொறி, டிஸ்க் மேனேஜ்மென்ட், பிரதி, அதன் பின்னரே திருத்தம். பார்மட் செய்யவோ இனிஷியலைஸ் செய்யவோ கேட்டால், பொறுப்பான அலுவலரைக் கலந்துகொள்ளாமல் எவரும் இசைவு தரலாகாது என்பதும் அப்பக்கத்தில் இருக்கட்டும். அன்று அந்த இருக்கையில் இருப்பவர் புதிதாகப் பணியில் சேர்ந்தவராக இருப்பினும், பல்லாயிரம் குடும்பங்களின் விவரம் காக்கப்படுவதற்கு அந்த ஒரு பக்கம் போதுமானதாக அமையக்கூடும்.